பெஞ்சுக்கு அடியில் தேடியவர்

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். டீ சொல்லட்டுமா? வேண்டாமா? கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கம்மா. மைதானத்தில் கத்திக் கத்தி எனக்குக் காது மந்தம். கத்தினால் தொண்டைதானே போகும், காது எப்படிப் போகும் என்று என் வீட்டுக்காரி கேட்பாள். அவளுக்கு எல்லாமே கேள்விதான்.

டுஷான் கொலாரிக். அந்த ஆளைப் பற்றித்தானே எழுத வந்திருக்கிறீர்கள்? வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே கோச்சாக இருந்தவர்கள் வரிசையில் அவருக்கும் ஒரு பக்கமா? எழுதுங்கள். ஆனால் உள்ளதை எழுதுங்கள். அந்த ஆளுக்கு அசிஸ்டண்ட் நான்தான். மொழிபெயர்ப்பும் நான்தான். பக்கத்திலேயே இருந்தவன். அந்த ஒரு சீசனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. மரியாதை கொடுத்தே சொல்கிறேன், பாருங்கள், 'அவர்' என்றுதான் சொல்கிறேன்.

டேய் கஜா! பந்து உன்னைத் தேடி வருமா? நீதான் போகணும்! போடா!

இப்படித்தானம்மா. கத்தாவிட்டால் நகர மாட்டான்கள்.

நான் யார் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எத்திராஜ். இந்தப் பேட்டையில் எத்தி மாஸ்டர் என்று கேட்டால் தெரியும். அந்த ஆளைப் போல நானும் டிஃபெண்டர்தான். ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று மறிக்கிறவன். அந்த வேலையை வைத்துத்தான் எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது, விளையாட்டு ஒதுக்கீட்டில். இங்கிலீஷ் அங்கே கற்றதுதான். பிறகு பிஸ்கட் கம்பெனி நாதமுனி சார் வங்கக்கடல் எஃப்.சி. என்று இந்தக் கிளப்பை ஆரம்பித்தபோது என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், நீங்கதான் எல்லாம்" என்றார். எல்லாம் என்றால் கோச் என்றுதானே அர்த்தம்? மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வந்து, "மாஸ்டர், ஸ்லோவாக்கியாவிலேர்ந்து ஒருத்தர் வர்றார், நீங்க கூட இருந்து பாத்துக்கோங்க" என்கிறார். ஸ்லோவாக்கியா எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு வெள்ளைக்காரர் டீம் போட்டோவில் நின்றால் பிஸ்கட் விற்கும். அவ்வளவுதான்.

சரி, வருகிறவர் யார் என்று நெட்டில் பார்த்தேன். பெரிய ஆட்டக்காரராக இருந்தால் நானே மாலை போட்டிருப்பேனம்மா. என்ன இருந்தது தெரியுமா? மலையடிவாரத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். அந்த ஊர் டீமிலேயே பதினேழு சீசன். இரண்டாம் டிவிஷன். நடுவில் ஒரு வருடம் ஆஸ்திரியாவில், அங்கே பாதி நாள் முழங்கால் கட்டோடு. மொத்தமாக அடித்த கோல் இரண்டு. அதில் ஒன்று சேம் சைடு. நாட்டுக்காக ஆடிய ஆட்டம் ஒன்று. அந்த ஒன்றில் எத்தனை நிமிடம் என்று ஒரு கட்டம் போட்டிருந்தது. அதிலும் ஒன்றுதான். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ஒன்றேதான்.

ஆட்டம் ஓய்ந்த பிறகு அதே ஊரில் பொடிப்பசங்களுக்குக் கோச். அப்புறம் சைப்ரஸில் கொஞ்ச நாள். அப்புறம் நேராக நம் தலையில்.

வந்து இறங்கினார். வழுக்கை. ஆறடிக்கு மேல். வலது கால் லேசாக இழுக்கும். முதல் நாளே பசங்களை வரிசையில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொருத்தன் காலையும் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். கால் நகம், குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு. கையாலேயே தொட்டு! ஒரு கோச் செய்கிற வேலையா அது? அந்த நாற்றம்! நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். ராயப்பன் காலைப் பார்த்தபோது ரொம்ப நேரம் பார்த்தார். ராயப்பன் யாரென்றால், ரிசர்வ் ஸ்டாப்பர். காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் பெட்டி இறக்குகிறவன். உப்புத் தண்ணியில் நின்று நின்று விரல் நடுவில் வெள்ளையாக ஊறிப் போயிருக்கும். அந்த ஆள் தன் பையிலிருந்து ஏதோ பவுடர் எடுத்து அவரே தடவினார். பசங்கள் என்னைப் பார்க்கிறான்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு வருவார் என்று பார்த்தால், அதே கையால் வாழைப்பழம் உரித்துச் சாப்பிடுகிறார்.

பஸ்ஸில் முன் சீட்டு கோச்சுக்கு. அது எங்கேயும் உள்ளது. இவர் போய்க் கடைசி சீட்டில் பசங்களோடு நசுங்கிக்கொண்டு உட்காருவார். அப்புறம் முன்சீட்டில் நான் எப்படி உட்காருவது? உட்கார்ந்தேன், வேறு வழி? ஆனால் உட்கார்ந்த சுகமே இல்லை. ஹோட்டல் பாத்ரூமில் தன் சாக்ஸைத் தானே துவைத்து ஜன்னலில் காயப்போடுவார். பயிற்சியில் நாலு டிஃபெண்டர்களையும் இடுப்பில் ஒரே கயிற்றால் கட்டி, ஒருத்தன் நகர்ந்தால் நாலு பேரும் நகர வேண்டும் என்று மேலும் கீழும் நடக்கவிடுவார். பந்தே கிடையாது! ரோட்டில் போகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். "இன்னா மாஸ்டர், ஏர் உழுறீங்களா?" என்று பெயிண்டர் குமரேசன் கேட்டான். மானம் போயிற்று.

கோல் குறைவாக விழுந்தது, அது உண்மை. அதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அது நான் முதலில் சொல்லிக்கொடுத்த அடிப்படை.

இப்போது அந்த முதல் மீட்டிங்கைச் சொல்கிறேன். அங்கேதான் எனக்கு அந்த ஆள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று.

பசங்கள் எல்லாரும் தரையில். நாதமுனி சார் ஒரு பக்கம் நாற்காலியில். அந்த ஆள் எழுந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இங்கிலீஷில். அவருடைய இங்கிலீஷும் நம்முடையது மாதிரிதான், எனக்குப் புரிந்தது. பத்து நிமிடம் சொன்னார். நடித்துக் காட்டினார். என்ன கதை தெரியுமா? நாட்டு டீமில் யாருக்கோ காலில் அடிபட்டு, கடைசி நாளில் இவரைக் கூப்பிட்டார்கள். வெளியூரில் ஆட்டம். பனி கொட்டுகிறது. பெஞ்சோ இரும்பு பெஞ்சு. தன்னை எங்கே இறக்கப்போகிறார்கள் என்று இவர் சாக்ஸை இறக்கிவிட்டு, ஷின் பேடைக் கழற்றி, அதான் முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் வைக்கிற பட்டை, அதைக் கழற்றி இரும்பு குளிருகிறது என்று அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து தூங்கியும் போய்விட்டாராம்! ஆட்டம் முடிகிற நேரத்தில் கோச் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். எழுந்திருக்கிறார். ஒரு பேட் இருக்கிறது. இன்னொன்று இல்லை. பெஞ்சுக்கு அடியில் விழுந்துவிட்டது. இவர் முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டுத் தேடுகிறார். டிவி கேமரா அவரையே காட்டுகிறது. ஊரில் அவருடைய அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பார்க்கிறாள். மகனுடைய முகம் எப்போது வரும் என்று பார்க்கிறாள். வந்தது முழுக்கப் பின்பக்கம்தான். ஒருவழியாகப் பேடைச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினார். விசில். ஆட்டம் முடிந்தது. பந்தைத் தொடவே இல்லை. அதற்கப்புறம் கூப்பிடவும் இல்லை. "என் அம்மாவுக்கு இன்றைக்கும் சந்தேகம், அது நான்தானா என்று" என்று முடித்தார். அதனால் என் பெஞ்சில் உட்காருகிறவன் முதல் நிமிடத்திலிருந்து பேட் கட்டி, லேஸ் கட்டித்தான் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் என் சட்டம் என்றார்.

ஏம்மா, நீங்கள் ஏன் குனிந்துகொண்டீர்கள்? சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி.

முதலாளி உட்கார்ந்திருக்கிறார். ஒரு கோச், புதிதாக வந்தவர், தன்னுடைய பின்பக்கத்தைப் பற்றி முதல் பேச்சிலேயே பேசுவதா? நாளைக்குப் பசங்கள் மதிப்பான்களா? நான் அவருடைய மரியாதையைக் காப்பாற்றினேன். எழுந்து நின்று, "எல்லாரும் பொறுப்பா, ஒழுக்கமா, எப்பவும் ரெடியா இருக்கணும்னு கோச் சொல்றார்" என்றேன். பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு வரி. சாரம் அதுதானே? பசங்கள் "யெஸ் சார்" என்றான்கள்.

அந்த ஆள் என்ன செய்தார் என்றால், சிரித்த முகமாக ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம். எதற்குப் பார்த்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மூலையில் ராயப்பன் மட்டும் லேசாகச் சிரித்தான். துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு பேசிப் பேசி அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். "பல்லைக் காட்டாதடா, முதலாளி இருக்காரு" என்று ஒரு அதட்டு அதட்டினேன். அடங்கிவிட்டான்.

அன்றிலிருந்து அந்த ராயப்பன் எந்த ஆட்டத்திலும் பேட் கட்டிக்கொண்டுதான் பெஞ்சில் உட்காருவான். "இன்னாடா, வெயில்ல வேகுறியா?" என்று பசங்கள் கிண்டல் செய்வான்கள். நானே கேட்டிருக்கிறேன், பெஞ்சில் உட்காருகிறவனுக்கு எதற்குடா பட்டை என்று. "இருக்கட்டும் மாஸ்டர்" என்பான். மற்றவன்கள் சாக்ஸைக் கணுக்காலில் சுருட்டிவிட்டுக் காற்றாட உட்காருவான்கள். அந்த ஆள் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அவன்களிடம் வந்து இங்கிலீஷில் சொல்லி, என்னையும் பார்ப்பார். "கோச் ரெடியா இருக்கச் சொல்றார்" என்பேன். "ரெடி சார்" என்பான்கள். இதைவிட என்ன சொல்வது?

இப்போது தருண். என் மகன். அவனும் அந்த டீமில்தான் ரிசர்வ். நான் சேர்த்தேன் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். அவன் உயரம் யாருக்கு உண்டு?

உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். தென்மாநிலக் கோப்பையில் ஆடினால் சான்றிதழ் உண்டு. அதில் 'ஆடினார்' என்று இருந்தால் வேலைக்கு எடுப்பான். 'ரிசர்வ்' என்று இருந்தால் மூஞ்சியில் விட்டெறிவான். ஒரு நிமிடம் ஆடினாலும் 'ஆடினார்'தான். அதனால் நம்மிடம் ஒரு வழக்கம். ஆட்டம் நம் கையில் இருந்தால், கடைசி நிமிடத்தில் பெஞ்சில் ஒருத்தனை இறக்கிவிடுவது. ஒரு நிமிடம் ஓடிவிட்டு வருவான். அவன் குடும்பம் பிழைக்கும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. எந்தக் கோச்சும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

கோயம்புத்தூரில் கோப்பை. ரெண்டு ஆட்டம் தோற்றாயிற்று, கடைசி லீக் ஆட்டம் மட்டும் மிச்சம். ஜெயித்தாலும் அடுத்த சுற்று கிடையாது. முந்தின நாள் அந்த ஆளிடம் இந்த வழக்கத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். "நிமிடம் என்ன பிஸ்கட்டா, கொடுப்பதற்கு?" என்றார். அப்புறம், "சரி. யாருக்கு ரொம்பத் தேவை?" என்றார்.

நான் தருண் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எழுந்து போய்விட்டார். என்னைக் கூப்பிடாமல், அவரே ரிசர்வ் பசங்கள் ஒவ்வொருத்தன் ரூமுக்கும் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார். கை ஜாடையிலும் அரைகுறைத் தமிழிலும். என் மகனிடமும் கேட்டிருக்கிறார். அந்த மடையன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு அடுத்த வருஷமும் இருக்கு, ராயப்பண்ணனுக்கு இதான் கடைசி, வேலைக்கு வயசு தாண்டிடும், அவருக்குக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறான். பெற்றவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆள் என்ன மருந்து போட்டாரோ, போகிற வருகிறவனுக்கெல்லாம் என் பிள்ளை தானம் செய்கிறான்!

ராயப்பனுக்கு ஐஸ் பெட்டி இருக்கிறது. தருணுக்கு என்ன இருக்கிறது? சொல்லுங்கள்.

கஜா! டேய்! ஆளை விட்டுட்டுப் பந்தைப் பாக்குறியேடா! சீ!

ஆட்டத்தில் நாம் மூன்று கோல் மேலே. ரெண்டு பேருக்கு அடிபட்டு, ஏற்கெனவே ஆள் மாற்றல் எல்லாம் போய், ஒரே ஒரு மாற்றல்தான் மிச்சம். கடைசி நேரம். அந்த ஆள் ராயப்பனைக் கைகாட்டினார். அவன் எழுந்து, குதித்துக் குதித்து, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கோட்டருகே போய் நின்றான். பட்டை, லேஸ் எல்லாம் கட்டி மணப்பிள்ளை மாதிரி. அந்த ஆள் என்னிடம், "பதினைந்து" என்றார். ராயப்பன் நம்பர் பதினைந்து. மாற்றல் சீட்டு எழுதி ரெஃப்ரியிடம் கொடுப்பது என் வேலை. எழுதினேன். பதினேழு.

தருண் நம்பர்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு அப்பா இருக்கிறாரா? இருக்கிறாரல்லவா? அவரிடம் போய்க் கேளுங்கள், பேனா கையில் இருந்தால் எந்த நம்பரை எழுதுவார் என்று. அந்த ஆளுக்குப் பிள்ளை கிடையாது. அவருக்கு எப்படித் தெரியும்?

பந்து வெளியே போயிற்று. கோட்டோரம் நின்ற நாலாவது ரெஃப்ரி நம்பர் பலகையைத் தூக்கினான். பதினேழு. ராயப்பன் பலகையைப் பார்த்தான், தன் சட்டையைப் பார்த்தான். தருண் பெஞ்சில் தண்ணி பாட்டிலோடு உட்கார்ந்து ராயப்பனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?" என்றான்.

"எந்திரிடா, போ!" என்றேன்.

"நான் இல்லப்பா, அவரு!"

"உன் நம்பர்தான்டா போட்டிருக்கு, ஓடு!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்தினேன். அந்த நாலாவது ரெஃப்ரி இருக்கிறானே, சின்னப் பையன், மீசை கூடச் சரியாக முளைக்காதவன், குனிந்து தருண் காலில் விரல் முட்டியால் தட்டினான். சாக்ஸ் கணுக்காலில் கிடக்கிறது. "பேட் எங்க?" என்றான்.

"பேட் பையில இருக்கு" என்றான் என் மகன். பை எங்கே? பஸ்ஸில்.

"சார், ஒரு நிமிஷ ஆட்டத்துக்குப் பேட் எதுக்கு சார்?" என்று கெஞ்சினேன். முடியாது என்றான். சட்டமாம்.

அப்போது அந்த ராயப்பன் ஒரு காரியம் செய்தான். புல்லில் உட்கார்ந்து தன் சாக்ஸை இறக்கி, தன் பேடைக் கழற்றித் தருணிடம் நீட்டினான். "இந்தாடா தம்பி, மாட்டு, நேரமில்ல" என்றான். என் மகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாண்ணே, வேணாண்ணே" என்று பின்வாங்குகிறான். "வாங்குடா!" என்று நான் கத்துகிறேன். அந்தப் பக்கம் அந்த ஆள், "ஃபிஃப்டீன்! ஃபிஃப்டீன்! புதுச் சீட்டு எழுது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். ஒரு மனுஷன் எதைச் செய்வான்? பேடை வாங்கி மாட்டிவிடுவதா, சீட்டு எழுதுவதா? நான் குனிந்து தருண் காலைப் பிடித்துச் செருகிக்கொண்டிருந்தேன். அவன் காலை உதறுகிறான். பெற்ற அப்பனை, ஜனங்கள் பார்க்க, காலால்.

விசில்.

அவ்வளவுதான். தருணும் ஆடவில்லை, ராயப்பனும் ஆடவில்லை. ராயப்பன் கீழே கிடந்த பேடைப் பொறுக்கி, புல்லைத் தட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டான். நான் பக்கத்தில் போனேன். "பரவால்ல மாஸ்டர்" என்றான். பார்த்தீர்களா? பாதிக்கப்பட்டவனே பரவாயில்லை என்றான். எழுதிக்கொள்ளுங்கள்.

டிரெஸ்ஸிங் ரூமுக்கு நாதமுனி சார் வந்தார். வெளியே சனங்கள் சிரித்திருக்கிறார்கள், அவர் காதில் விழுந்திருக்கிறது. "எவன் எழுதின சீட்டு அது? டிவியில வருது, என் கம்பெனி பேர் போட்ட சட்டைய வெச்சுக்கிட்டு கோமாளி வேலையா?" என்றார். பசங்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறான்கள். என் மகனும் பார்க்கிறான். அந்தப் பார்வை இருக்கிறதே, எச்சிலை மிதித்தவன் தன் செருப்பைப் பார்க்கிற பார்வை.

நான் சொல்ல வாயெடுத்தேன். எடுத்தேனம்மா, சத்தியமாக. அதற்குள் அந்த ஆள் முன்னால் வந்து, "நான்" என்றார். தமிழில்! "நான். என் தப்பு." ராயப்பன் சொல்லிக்கொடுத்த தமிழ். மொழிபெயர்க்க நான் ஒருத்தன் பக்கத்தில் நிற்கும்போது எதற்குத் தமிழ்? என்னை மதித்தால் இங்கிலீஷில் சொல்லியிருக்க மாட்டாரா?

ஆனால் ஒத்துக்கொண்டார் பாருங்கள். அவரே, அவர் வாயாலேயே. இத்தனை சாட்சி. கோச்தானே பொறுப்பு? பெஞ்சில் இருப்பவன் பேட் கட்டியிருக்கிறானா என்று பார்ப்பது யார் வேலை? அவர் அதை ஒழுங்காகப் பசங்கள் மண்டையில் ஏற்றியிருந்தால் என் மகன் ஆடியிருப்பான். அந்த வாரமே டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார் நாதமுனி சார்.

போகிற அன்றைக்கு வந்து என் கையைப் பிடித்தார். நான் இழுத்துக்கொண்டேன். எல்லார் காலையும் தொட்ட கை. "நீ நல்ல டிஃபெண்டர்" என்றார். நான் ஆடி அந்த ஆள் பார்த்ததே இல்லை! இப்படியா வாய்க்கு வந்தபடி புகழுவது? அருவருப்பாக இருந்தது.

என்ன? தருணா?

இங்கே இல்லை. ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பசங்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். அங்கேயே ரூம். அம்மாவிடம் பேசுகிறான். நான் போனை வாங்கினால் சிக்னல் போய்விடுகிறது. அந்த ஆளோடு மட்டும் ஞாயிற்றுக்கிழமையானால் வீடியோவில் பேசுகிறானாம், மணிக்கணக்காக. அடுத்த வருடமும் இருக்கிறது என்றானே, அந்த அடுத்த வருடம் டிரையல்ஸுக்கே வரவில்லை. எல்லாம் அந்த ஆள் கெடுத்தது. ராயப்பன் ஐஸ் இறக்குகிறான். அவனுக்கென்ன. வழியில் பார்த்தால் "மாஸ்டர்" என்று வணக்கம் வைப்பான். நான்தான் வண்டியை நிறுத்துவதில்லை.

நான் இப்போது ஹெட் கோச். அதையும் போடுங்கள்.

என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். அவரிடம் பேசினீர்களா? எப்போது? போன வாரமா? இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? என்னைப் பற்றி என்ன சொன்னார்? திட்டினாரா? திட்டவில்லையா... வேறு என்னதான் சொன்னார்? கேட்டாரா? என்ன கேட்டார்?

அந்தக் கதைக்கு ஏன் யாருமே சிரிக்கவில்லை என்றா?

உலகத்தில் எங்கே சொன்னாலும் சிரிக்கிற கதையாம். சைப்ரஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். தமிழ்ப் பசங்கள் மட்டும் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்களா, இல்லை அவர்கள் மனம் புண்படும்படி எதையாவது சொல்லிவிட்டோமா என்று இன்றைக்கும் யோசிக்கிறாராம். எத்திராஜைப் பார்த்தால் கேட்டுச் சொல்லுங்கள் என்றாராம்.

இதைக் கேட்கவா அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் அனுப்புவார்கள்?

சிரிக்க அதில் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். ஒருத்தன் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டால் அது சிரிப்பா? நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ரெடியாக இருங்கள் என்று சொன்னேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். வேறு என்ன சொல்ல வேண்டும்?

இருங்கள். அந்தக் கஜா நொண்டுகிறான். டேய், வெளிய வா! சதீசு! நீ உள்ள போ! சீக்கிரம்! உன்னைத்தான்டா!

என்ன தேடுகிறான் அவன்? டேய், என்னடா அங்க?

பேடா? பெஞ்சுக்குக் கீழயா?

சீ. பாருங்கள், பாருங்கள் அந்தக் கோலத்தை. இருபத்தோரு வயசு எருமை. முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டு, பின்பக்கத்தை நம் பக்கம் காட்டிக்கொண்டு... த்தூ. எத்தனை வருடம் ஆனாலும் போகவில்லை பாருங்கள், அந்த ஆள் இந்த மைதானத்தில் விட்டுவிட்டுப் போன பழக்கம்.

ஏம்மா, சிரிக்காதீங்க. எழுதுங்கள், இதையும் எழுதுங்கள்.